இரத்தச் சீட்டில் ஒரு நட்சத்திரக் குறி!

இரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வருகிறது. வரிசையாக எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், "இதிலிருந்து இது வரை இருக்கலாம்" என்று இன்னும் இரண்டு எண்கள். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் எண் தடித்த எழுத்தில் அச்சாகி இருக்கிறது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி!

வெள்ளை அணு 12,400. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை.

அவ்வளவுதான். அன்று இரவு அந்த வீட்டில் தூக்கம் இல்லை.

டாக்டரைப் பார்க்க மறுநாள் மாலைதான் முடியும். அதற்குள் கைபேசி இருக்கிறதே! "வெள்ளை அணு கூடினால் என்ன நோய்?" என்று அதில் தேடினால், சளி, காய்ச்சல், சொத்தைப் பல் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலின் கடைசியில் "இரத்தப் புற்று நோய்" என்று இருக்கும். மேலே உள்ள பத்துக் காரணங்களும் கண்ணில் படுவதில்லை. கடைசியில் உள்ள ஒன்றுதான் நெஞ்சில் தைக்கிறது.

காலையில் பல் துலக்கும்போது ஈறில் ஒரு சொட்டு இரத்தம். "ஐயோ!" என்று மனம் பதறுகிறது. ஐந்து வருஷமாக அந்த ஈறு அப்படித்தான் கசிகிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வராது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்து ஒரு சிறு கட்டியையும் கண்டுபிடித்தாயிற்று. அதே இடத்தைப் பத்துத் தடவை அழுத்தியதில் அங்கே வலியும் வந்துவிட்டது!

இந்தப் பயத்தில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. கதாநாயகன் இருமுகிறான். கைக்குட்டையில் இரத்தம். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைக்கிறார். மூன்று மாதக் கெடு. பிறகு ஒரு சோகப் பாட்டு. இதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, இரத்தப் புற்று நோய் என்றால் பாட்டு முடிந்ததும் வருகிற சாவு என்று பதிந்து போயிருக்கிறது. உண்மையில் அந்த நோய் அப்படி வருவதும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அப்படிச் சாவதும் இல்லை.

ஒரு சொட்டில் 25 கோடி

வளர்ந்த மனிதர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஒரே ஒரு சொட்டை எடுத்தால், அதற்குள் சுமார் 25 கோடி சிவப்பு அணுக்கள் இருக்கும். அதே சொட்டில் வெள்ளை அணுக்கள் 2 லட்சத்திலிருந்து 5½ லட்சம் வரை. பிளேட்லெட் என்கிற நுண்ணிய தட்டணுக்கள் 75 லட்சத்திலிருந்து இரண்டே கால் கோடி வரை.

சிவப்பு அணு பிராணவாயுவைச் சுமந்து செல்லும் கூலியாள். 120 நாள் உழைத்து ஓய்ந்துவிடும். வெள்ளை அணு காவல்காரன். கிருமி புகுந்தால் பாய்ந்து சென்று சண்டை போடும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். காயம் பட்ட இடத்தில் கூடி அடைத்து, இரத்தம் வடியாமல் நிறுத்துவது அதன் வேலை.

இத்தனையும் தயாராகும் தொழிற்சாலை, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. சிவப்பு அணு மட்டும் நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 கோடி அங்கிருந்து புறப்படுகிறது!

இரத்தப் புற்று நோய் என்பது இந்தத் தொழிற்சாலையில் நடக்கிற கோளாறு. தீவிர வகையில், ஓர் இளம் வெள்ளை அணு முதிர வேண்டிய காலத்தில் முதிராமல், தன்னைப் போலவே பெருகிக்கொண்டு போகிறது. சண்டை போடவும் தெரியாது, சாகவும் தெரியாது. மஜ்ஜை முழுவதும் அதுவே நிரம்பிவிடுகிறது. சிவப்பு அணு உண்டாக இடம் இல்லை. உடம்பு வெளுக்கிறது. பிளேட்லெட் உண்டாக இடம் இல்லை. காரணம் இல்லாமல் இரத்தம் கசிகிறது. நல்ல வெள்ளை அணுவுக்கும் இடம் இல்லை. காய்ச்சல் விடாமல் அடிக்கிறது.

இந்த விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் சீட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். தீவிர இரத்தப் புற்று நோய் வந்தால் ஒரே ஓர் எண் மட்டும் கொஞ்சம் ஏறி, மற்றவை எல்லாம் ஒழுங்காக இருப்பது அபூர்வம். சீட்டின் இரண்டு மூன்று வரிகள் சேர்ந்து கெடும்.

100 பேரில் 5 பேர்

"4,000 முதல் 11,000 வரை" என்ற எல்லை எப்படி வந்தது? இதைப் பலர் கேட்பதே இல்லை.

நோய் நொடி இல்லாத ஏராளமான பேரின் இரத்தத்தை எடுத்து எண்ணுகிறார்கள். நடுவில் உள்ள 95 சதவிகிதம் பேரின் எண்கள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனவோ, அதுதான் "சரியான அளவு" என்று அச்சாகிறது. ஆகவே முழு ஆரோக்கியமாக இருக்கிற 100 பேரில் 5 பேர் அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்பார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல. கணக்கின் விளிம்பில் நிற்கிறவர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது "முழு உடல் பரிசோதனை" என்று மலிவு விலையில் விளம்பரம் செய்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத 20 பரிசோதனைகளை ஓர் ஆரோக்கியமான மனிதருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றிலாவது நட்சத்திரக் குறி விழுவதற்கு 100-க்கு 64 வாய்ப்பு! எல்லா எண்ணும் சரியாக வருகிறவர்தான் சிறுபான்மை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிறந்த குழந்தைக்கு வெள்ளை அணு 30,000 வரை கூட இருக்கலாம். நாலு வயது வரை லிம்போசைட் என்ற ரகம் மற்ற ரகங்களை விடக் கூடுதலாக இருப்பதே இயற்கை. சில லேப்களில் பெரியவர்களுக்கு உரிய எல்லையையே குழந்தையின் சீட்டிலும் அச்சடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்களோ!

கடைவாய்ப் பல்

டாக்டர் அறையில் இப்படி ஒரு பேச்சு நடப்பது சகஜம்.

"டாக்டர், வெள்ளை அணு பன்னிரண்டாயிரம் என்று போட்டிருக்கிறது. கான்சராக இருக்குமா?"

"சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?"

"இல்லை, சார்."

"பல் வலி?"

"அது போன வாரம் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. இப்போது வற்றிவிட்டது."

"அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இவர் சிகரெட் பிடிப்பாரா?"

மனைவி பதில் சொல்வதற்கு முன்பே கணவர் தலை குனிந்துவிடுகிறார்.

சொத்தைப் பல் ஒரு காரணம். சிகரெட் ஒரு காரணம். சளி, புண், சிறுநீர்த் தாரையில் கிருமி எல்லாமே காரணம். மூச்சுத் திணறலுக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கிற ஸ்டிராய்டு மாத்திரை வெள்ளை அணுவை நன்றாக ஏற்றிவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏறும். வேகமாக ஓடிவிட்டு வந்து இரத்தம் கொடுத்தாலும் ஏறும். காலையில் எடுத்ததைவிடப் பிற்பகலில் எடுத்தால் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இது தெரியாமல் ஒரே நாளில் மூன்று லேப்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரிடத்தில் 12,400. இன்னோர் இடத்தில் 11,600. மூன்றாவது இடத்தில் 12,900. "எது சரி?" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மூன்றும் சரிதான். அணுக்கள் அசையாமல் நிற்கிற பொருள்கள் அல்ல.

கடுமையான கிருமித் தாக்குதலில் வெள்ளை அணு 50,000-ஐத் தாண்டுவது கூட உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரத்தப் புற்று நோய் போலவே தோன்றும். ஆனால் கிருமி ஒழிந்ததும் எண் தானாக இறங்கிவிடும்.

மதனப்பள்ளி மர்மம்

"ஈஸ்னோபீலியா" என்ற வார்த்தையைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். வெள்ளை அணுக்களில் ஈஸ்னோபில் என்பது ஒரு ரகம். சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தாறுக்கு மேல் இருக்காது. குடலில் புழு இருந்தாலும், ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தாலும் ஏறும்.

மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சில நோயாளிகள் விசித்திரமாக இருந்தார்கள். இரவெல்லாம் வறட்டு இருமல், லேசான ஜுரம், எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுவதும் புள்ளிகள். காசம் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் சளியில் காசக் கிருமி இல்லை. இரத்தத்தைப் பார்த்தால் ஈஸ்னோபில் மலை போல் ஏறிக் கிடந்தது. பிரிமோத்-மோலர், பார்ட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1940-ல் இதை எழுதி வெளியிட்டார்கள். 1943-ல் வெயின்கார்ட்டன் என்ற டாக்டர், "வெப்ப நாட்டு ஈஸ்னோபீலியா" என்று இதற்குப் பெயர் வைத்தார்.

காசமும் இல்லை, புற்றும் இல்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியா புழுவுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்புத்தான் அது என்று பிற்பாடு தெரிந்தது. ஹெட்ரசான் என்ற மாத்திரை கொடுத்தால் இருமல் அடங்கி, எண்ணும் இறங்கியது. அந்த மருந்து 1947-ல் அமெரிக்காவில் லெடர்லி என்ற கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் உருவாயிற்று. அங்கே தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

மெஷின் ஏமாறும்!

பிளேட்லெட் குறைந்தாலும் இதே பயம்தான். இருக்க வேண்டியது ஒன்றரை லட்சம். சீட்டில் 40,000 என்று இருக்கிறது. ஆனால் ஆசாமிக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை.

இது எப்படி?

இரத்தம் உறையாமல் இருக்க, குழாயில் முன்கூட்டியே இ.டி.டி.ஏ. என்ற உப்பைப் பூசி வைத்திருக்கிறார்கள். ஒரு சிலருடைய இரத்தத்தில், இந்த உப்புப் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். எண்ணுகிற மெஷினுக்கு அது தெரியாது. கொத்தை எல்லாம் விட்டுவிட்டு, தனியாக நிற்பதை மட்டும் எண்ணி 40,000 என்று சொல்லிவிடும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்படும். சிட்ரேட் என்ற வேறு உப்புப் போட்ட குழாயில் எடுத்து எண்ணினாலும் போதும். அதைச் செய்யாததால் வீண் சிகிச்சைக்கு ஆளானவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் பிளேட்லெட் உண்மையாகவே இறங்கும். காய்ச்சல் தீர்ந்தால் ஏறிவிடும். இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்குப் பிளேட்லெட் கூடுவது உண்டு. அதையும் கண்டு பயப்படுகிறார்கள்.

ஹீமோகுளோபின் குறைவு என்றால் நம் நாட்டில் முதல் சந்தேகம் இரும்புச் சத்தின் மேல்தான் விழ வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று நோயுடன் யாதொரு சம்பந்தமும் கிடையாது. வேண்டியது இரும்பு மாத்திரையும், சோகைக்கு என்ன காரணம் என்ற விசாரணையும்தான்.

எது ஆபத்து?

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சீட்டைத் தூக்கிப் போடலாம்" என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய ஆபத்து.

சீட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் லேப் லேப்பாக ஓடுகிறார். அவருக்குப் பணம்தான் நஷ்டம். இன்னொருவர், சீட்டை நாலாக மடித்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். "தெரிந்தால்தானே பயம்? தெரியாமலே இருந்துவிடலாம்" என்ற எண்ணம். குழந்தைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் கண் முன் நிற்கின்றன. இந்த இரண்டாவது ரகம்தான் டாக்டர்களுக்குக் கவலை தருவது.

உடனே பார்க்க வேண்டிய நிலைமைகள் உண்டு. வெள்ளை அணு மிகவும் ஏறி, அல்லது மிகவும் இறங்கி, கூடவே ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சீட்டில் "பிளாஸ்ட்" என்ற வார்த்தை இருந்தால், அது முதிராத அணு வெளியே வந்துவிட்டது என்று பொருள். மறுநாளுக்குத் தள்ளிப் போடக் கூடாது. தோலில் அடி படாமலே கன்றிய தடிப்புகள், ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், நிற்காத மூக்கு இரத்தம், வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இரவில் துணி நனையும்படி வியர்வை, காரணம் இல்லாத இளைப்பு, கரையாத நெறிக்கட்டி, குழந்தை "கால் எலும்பு வலிக்கிறது" என்று நடக்க மறுப்பது. இவை இருந்தால் எண் என்ன சொன்னாலும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

எண் சரியாக இருந்துவிட்டால் நோயே இல்லை என்றும் கிடையாது. நெறிக்கட்டிகளில் தொடங்கும் புற்று நோயில் இரத்த எண்ணிக்கை பல சமயம் ஒழுங்காகவே இருக்கும். நடு வயதைத் தாண்டியவர்களுக்கு முதுகெலும்பு வலியும் சோகையும் சேர்ந்து வந்தால், மயலோமா என்ற மஜ்ஜைப் புற்றுக்கு உரிய பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். அங்கே வெள்ளை அணு அநேகமாகச் சாதுவாக இருக்கும்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, ஓர் எண் மட்டும் கொஞ்சம் பிசகி இருக்கிறது என்றால், டாக்டர் செய்வது மிகவும் சாதாரணமான காரியம். பழைய சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். வயிற்றை அழுத்தி மண்ணீரல் வீங்கி இருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நிபுணர் ஒருவர் நேரில் பார்க்கச் சொல்வார். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எண்ணச் சொல்வார். "உடனே ஏதாவது செய்யக் கூடாதா?" என்று நச்சரிக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிப்பதில்லை. ஆனால் காத்திருப்பதும் ஒரு பரிசோதனையே. கிருமியால் ஏறியது இறங்கிவிடும். புற்றால் ஏறியது இறங்காது.

சந்தேகம் தீராவிட்டால் மஜ்ஜைப் பரிசோதனை. "முதுகெலும்பில் துளை போடுவார்களாமே!" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். முதுகெலும்பில் அல்ல, இடுப்பு எலும்பின் பின்பக்கத்தில். மரத்துப் போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசியால் கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சும்போது சில விநாடிகள் சுரீர் என்று இழுத்து வலிக்கும். வலியே இல்லை என்று சொல்வது பொய். அரை மணி நேரத்தில் முடிந்து, பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

வெள்ளை இரத்தம்

இந்த நோயை 1845-ல் இரண்டு பேர் தனித்தனியாக விவரித்தார்கள். எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னெட். பெர்லினில் ருடால்ப் விர்ச்சோ. இறந்த நோயாளியின் இரத்தம் சீழ் போல் வெளுத்திருப்பதைக் கண்ட விர்ச்சோ, முதலில் "வெள்ளை இரத்தம்" என்றார். 1847-ல் அதையே கிரேக்க மொழியில் "லுகேமியா" என்று பெயரிட்டார். அதற்குப் பிறகு நூறு வருஷம் வரை டாக்டர்களால் பெயர் சொல்ல முடிந்ததே தவிர, பிழைக்க வைக்க முடியவில்லை. அந்த நூறு வருஷத்துப் பயம்தான் இன்றும் வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறது.

கதவு திறந்த கதை இந்தியாவில் தொடங்குகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், 1928-ல் பம்பாய்க்கு வந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வருகிற ஒரு வகை இரத்த சோகையை ஆராய்ந்தார். பம்பாயில் மட்டும் அல்ல, குன்னூரிலும் சென்னையிலும் அவர் வேலை செய்தது உண்டு. ஈஸ்ட்டில் இருந்து எடுக்கிற மார்மைட் என்ற மலிவான சத்துப் பொருளைக் கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று 1931-ல் எழுதினார். அதில் உள்ள சத்து எது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதுதான் போலிக் அமிலம். இன்று கர்ப்பிணிகள் எல்லோரும் விழுங்கும் சின்ன மாத்திரை.

அந்தப் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த கூட்டத்தின் தலைவர்தான் சுப்பாராவ்!

சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்திஜியின் அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் அறைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு வந்தது கோபம். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அவர் அமெரிக்கா போய்ச் செய்த காரியங்களைப் பார்த்தால், அந்தப் பேராசிரியரின் கோபத்துக்கு உலகம் நன்றி சொல்ல வேண்டும் போலத் தோன்றுகிறது.

பாஸ்டன் நகரத்தில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்று நோய் வந்த குழந்தைகளுக்கு முதலில் போலிக் அமில வகைகளையே கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. வேகமாகப் பெருகியது! அப்படியானால் இந்தச் சத்தைத் தடுத்தால்? போலிக் அமிலம் போலவே வேஷம் போட்டு, புற்று அணுவை ஏமாற்றிப் பட்டினி போடுகிற மருந்து வேண்டும். அமினோப்டரின் என்ற அந்த மருந்தை சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலை தயாரித்துக் கொடுத்தது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் பார்பர் இதை வெளியிட்டார். அந்த நிம்மதி சில மாதங்களே நீடித்தது. ஆனாலும் இரத்தப் புற்று பின்வாங்கும் என்று உலகம் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் காலமானார். வயது 53.

அமினோப்டரினின் தம்பியான மெதோட்ரெக்சேட், குழந்தைகளின் இரத்தப் புற்று நோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அதோடு வேறு மருந்துகளையும் சேர்த்து இரண்டு மூன்று வருஷம் சிகிச்சை செய்கிறார்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்போசைட் வகையில், வளர்ந்த நாடுகளில் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேர் பிழைத்து வளர்கிறார்கள்.

பாஷாணம் கூட மருந்தாகியிருக்கிறது. ஒரு வகைத் தீவிர இரத்தப் புற்றில், கண்டுபிடித்த முதல் சில நாட்களிலேயே மூளையிலும் நுரையீரலிலும் இரத்தம் கசிந்து உயிர் போய்விடும். இங்கே ஒரு நாள் தாமதம் கூட ஆகாது. ஆனால் அந்த நாட்களைக் கடத்திவிட்டால், பெரும்பாலோர் முழுக் குணம் அடைகிறார்கள். இதற்குப் பாஷாண மருந்தை மட்டுமே கொடுத்துக் குணப்படுத்தியதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தியாவில் 1983-ல் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் தொடங்கியது. வேலூரில் 1986 முதல் நடக்கிறது.

வயதானவர்களுக்கு வருகிற ஒரு வகை இன்னும் விசித்திரம். வெள்ளை அணு ஏறி இருக்கும். பரிசோதனையில் புற்று என்றே உறுதியாகும். ஆனாலும் டாக்டர், "இப்போது மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்பார். கேட்கிற மகனுக்குத் தலை சுற்றும். அந்த வகை அவ்வளவு மெதுவாக நகரும். சிலருக்குச் சாகும் வரை மருந்தே தேவைப்படாது.

சென்னைக்கு வந்த வழக்கு

வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டி, மண்ணீரல் வீங்கி, ஆனால் ஆள் நடமாடிக்கொண்டே இருக்கிற நாட்பட்ட வகை ஒன்று உண்டு. 1960-ல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-ல் சிக்காகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன!

அந்தத் தவறான ஒட்டு உண்டாக்குகிற ஒரே ஒரு பொருளை அடக்குவதற்கென்றே ஒரு மாத்திரை செய்தார்கள். பெயர் இமாட்டினிப். 2001-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. முன்பெல்லாம் நாலைந்து வருஷத்தில் இறந்துகொண்டிருந்தவர்கள், தினம் மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஆனால் விலை? நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்கு மாதம் சுமார் 8,000 ரூபாய். நோவார்ட்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. கிடைத்துவிட்டால் மலிவு மாத்திரை நின்றுவிடும். அந்த விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். கம்பெனி சட்டத்தையே எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது, 2007-ல் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி டெல்லி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

அந்த மாத்திரையைப் பல வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டு, நோயின் சுவடே பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வந்தவர்களில் சிலருக்கு, டாக்டர்களே மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி வருவதில்லை. திரும்பி வந்தவர்களுக்கும் அதே மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக அடங்கிவிடுகிறது. குறித்த தேதியில் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு குழாய் இரத்தம் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி ஆபீசுக்குப் போகிறவர்கள் இவர்கள்.